நாலு மணிச் சுவர்

3 ஜூலை 2023, திங்கள்

சங்கராபுரத்தில் பஸ் பஞ்சராகி அரைமணி நேரம் போச்சு. ஆபீசுக்குள் நுழையும்போது காசி சார் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். திட்டு விழும் என்று ராஜாம்பாள் அக்கா முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "இனிமே இங்க கிரியேட்டிவ் ஹெட் ரீத்தாதான். எதுனாலும் ரீத்தாவக் கேட்டுக்கோங்க" என்றார். வேறு ஏதோ ரீத்தாவைச் சொல்கிறார் என்பது போல நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சார் சின்னசேலத்தில் கிளை திறக்கிறார். இனி அங்கேதான் இருப்பார். சனிக்கிழமை மட்டும் கள்ளக்குறிச்சி.

ஆறு வருஷம் முன்பு நான் சேர்ந்தபோது போர்டில் ‘காசி ஃப்ளெக்ஸ்’ என்று இருந்தது. இப்போது விசிட்டிங் கார்டில் ‘காசி கிரியேட்டிவ் ஏஜென்சி’. தனி மாவட்டம் ஆனதிலிருந்து வேலை கூடிவிட்டது. நகைக்கடை வீடியோ, பள்ளிக்கூட அட்மிஷன் விளம்பரம், பாக்கெட் டிசைன் எல்லாம் வருகிறது. ஆள் மட்டும் அதே நாலு பேர். நான், டிசைனர் வேடியப்பன் அண்ணன், போட்டோவும் வீடியோவும் பார்க்கும் செபாஸ்தியான், போனும் ஆர்டர் நோட்டும் ராஜாம்பாள் அக்கா.

இந்த வேலை எனக்கு எதற்கு? வேடியப்பன் அண்ணனுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். கம்ப்யூட்டர் டிசைனில் லேயர் என்றால் என்ன என்று எனக்குக் காட்டிக் கொடுத்ததே அவர்தான். சாரிடம் தனியாகக் கேட்டேன். "அவன் வேலை செய்வான். நீ பார்ட்டிகிட்ட பேசுவ" என்றார். பேசத் தெரிந்தவள் தலைவி என்றால் எங்கள் பஸ் கண்டக்டரை வைத்திருக்கலாமே?

அக்கா கைதட்டினார். செபாஸ்தியான் பிரியாணி கேட்டான். வேடியப்பன் அண்ணன் "நல்லது" என்றார்.

நல்லது என்றால் நல்லதா?

5 ஜூலை, புதன்

அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டது. உபகாரமேரி மகள் ஆபீசர் ஆகிவிட்டாளாம். நானோ காலையில் ஆபீஸ் பூட்டைத் திறக்கத் தெரியாமல் பத்து நிமிஷம் வெளியே நின்றேன். இதுவரை அண்ணன்தான் திறப்பார். சாவி இப்போது என்னிடம்.

6 ஜூலை, வியாழன்

இன்று முதல் சோதனை. மணலூர்பேட்டைப் பார்ட்டி, மகளுக்குக் காதணி விழா பேனர். நான்தான் டிசைன் செய்தேன். நாலு மணிக்குச் சுவரில் ஒட்டினேன். பார்ட்டியும் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

(இந்தச் சுவரைப் பற்றி இதுவரை எழுதியதே இல்லை போலிருக்கிறது. தினம் பார்ப்பதை யார் எழுதுவார்கள். காசி சார் கடை ஆரம்பித்த காலத்து வழக்கம். நாலு மணிக்கு டீ வரும். அன்று செய்த வேலையை எல்லோரும் தாளில் எடுத்துப் பக்கத்துச் சுவரில் ஒட்டவேண்டும். ஆணியில் கயிறு கட்டி ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா தொங்கும். யாரும் யார் தாளிலும் எழுதலாம், சார் தாளிலும். தாளுக்குச் சொந்தக்காரர் டீ முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். முதல் வருஷம் என் தாள் அம்மை போட்டது போல இருக்கும். இரண்டு முறை பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன்.)

வேடியப்பன் அண்ணன் வழக்கம்போல எழுந்து வந்து தாய்மாமன் படத்தைச் சுற்றி வட்டம் போட்டு ‘மாமன் சின்னது’ என்று எழுதினார். பார்ட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். புது ஹெட் தாளிலேயே சிவப்பா என்று நினைத்திருப்பார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அது நான் ஓகே பண்ணிட்டேன் அண்ணே. இனிமே பார்ட்டி இருக்கும்போது என் தாளில் எழுத வேணாம்" என்று சொல்லித் தாளைக் கழற்றிப் பிரிண்டுக்கு அனுப்பினேன். அண்ணன் சரி என்று பேனாவை மாட்டிவிட்டுப் போனார்.

தைரியமாகப் பேசினேன். பரவாயில்லை, வந்துவிடும் போலிருக்கிறது.

10 ஜூலை, திங்கள்

மணலூர்பேட்டைப் பார்ட்டி போன் செய்தாராம். விழாவில் மாமன் கோவித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டாராம். குடும்பச் சண்டைக்கு நாம் என்ன செய்ய முடியும்.

14 ஜூலை, வெள்ளி

என் தாளில் ஒரு சிவப்புகூட இல்லை. ஒரு வாரமாக இல்லை. நான் நன்றாகத் தேறிவிட்டேனா?

19 ஜூலை, புதன்

வேடியப்பன் அண்ணன் என்னை ‘மேடம்’ என்கிறார். முதலில் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மேடம், பள்ளிக்கூட ஃபைல் அனுப்பிட்டேன்", "மேடம், நாளைக்கு அரை நாள் லீவு வேணும்." லீவு நான் கொடுக்கணுமாம். ஆறு வருஷமாக ‘ஏ ரீத்தா, இங்க வா, இத பாரு’ என்றவர்.

பழையபடி கூப்பிடுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் அதுவும் உத்தரவு போல ஆகிவிடாதா? பழையபடி கூப்பிட உத்தரவு போடும் மேடம்!

இன்னொன்று. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றில்லை. செபாஸ்தியான் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தாலும் நின்றுவிடுகிறது.

23 ஜூலை, ஞாயிறு

அப்பாவிடம் கேட்டேன். சர்க்கரை மில்லில் ஷிப்ட் பார்த்தவர் ஆயிற்றே, ஏதாவது தெரியும் என்று. "மொத நாளே கத்திடணும். நீ கத்தல. அதான் உனக்குப் பிரச்சனை" என்றார். மில் சத்தத்தில் கத்தாவிட்டால் பக்கத்து ஆளுக்கே கேட்காது. எங்கள் ஆபீசில் ஏசி சத்தம்தான் பெரிய சத்தம். அப்பா சிங்கராயரின் யோசனை எனக்குச் செல்லாது.

27 ஜூலை, வியாழன்

கல்வராயன் மலைக்குப் போய் வந்தேன். மலைப் பெண்கள் உழவர் குழு ஒன்றுக்குச் சாமை அரிசிப் பை டிசைன். இதுவரை உதிரியாகத் தரகர்களுக்குக் கொடுத்தவர்கள் முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் பையில் போட்டு விற்கப் போகிறார்கள். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கள்ளக்குறிச்சியில் ஸ்டால். குழுத் தலைவி இருசம்மாள், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும்.

இந்த மாதிரி வேலைக்கு வழக்கமாக வேடியப்பன் அண்ணன்தான் போவார். அவர் ஊர் மலை அடிவாரம், கச்சிராயபாளையம் பக்கம். ஆனால் ஹெட் போகாமல் எப்படி என்று நானே செபாஸ்தியானைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணனைப் பிரிண்டிங் பார்க்கச் சொன்னேன். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி. ஹெட்!

இருசம்மாள் கொல்லைக்குக் கூட்டிப்போனார், மலையில் வயலைக் கொல்லை என்கிறார்கள். கணுக்கால் உயரம் பச்சைப் பயிர்தான். கதிர் வர இன்னும் மாதங்கள் ஆகும். "இப்ப வந்தா இன்னா இருக்கும், பில்லுதான் இருக்கும்" என்று சிரித்தார். வேறு வழியில்லை, கதிர்ப் படம் நெட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று செபாஸ்தியானிடம் சொன்னேன்.

இருசம்மாளின் குழுவில் பதினெட்டுப் பெண்கள். யார் தலைவி என்று தெரியவே இல்லை. ஒருத்தி ‘ஏ இருசம்மா, நீ சும்மா இரு’ என்கிறாள், இவர் சும்மா இருக்கிறார். அது எப்படி?

5 ஆகஸ்ட், சனி

சாமைப் பை டிசைன் முடிந்தது. அழகாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். மங்கலான மலை, முன்னால் பொன்னிறத்தில் தலை சாய்ந்த பெரிய கதிர். நாலு மணிக்கு ஒட்டினேன். வேடியப்பன் அண்ணன் டீ டம்ளரோடு அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பேனாவைத் தொடவில்லை. காசி சார் வந்து பார்த்து "சூப்பர்" என்று எடுத்துச் சேலத்துக்குப் பிரிண்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார், இருசம்மாளிடம் காட்ட நாள் இல்லை. மூவாயிரம் பை.

அண்ணனுக்கே பிடித்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷம்.

11 ஆகஸ்ட், வெள்ளி

சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பை வந்துவிட்டது. வாங்கிப் போக இருசம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தார். கட்டைப் பிரித்து ஒரு பையைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இது தெனைங்கம்மா."

எனக்குப் புரியவில்லை. படத்தில் விரலை வைத்துக் காட்டினார். "இப்படி திரண்டுக்கினு நரி வாலு மாதிரி இருந்தா அது தெனை. சாமை உதிரி உதிரியாத் தொங்கும், காத்தடிச்சா ஆடும்." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "சாமை போடுறவங்களுக்கே சாமை தெரியலன்னு சிரிப்பாங்க. இல்லாங்காட்டி ஏமாத்துறாங்கம்பாங்க. மொதமொதல்ல எங்க பேர போட்டு விக்கிறோம்."

நான் கரும்புக் காட்டுக்காரி. எனக்குக் கதிர் எல்லாம் கதிர்தான். நெட்டில் ‘சாமை’ என்று போட்டிருந்தது, எடுத்தேன். என்ன சொல்வது அவரிடம்? ஸ்டாலுக்கு நாலு நாள்தான். புதுப் பை வராது. ஸ்டிக்கர் ஒட்டலாம், தினையை மறைத்து, சரியான கதிர் போட்டு. ஆனால் சரியான கதிர்ப் படத்துக்கு எங்கே போவது? மறுபடி நெட்டா? எதை நம்புவது?

அப்போது வேடியப்பன் அண்ணன் தன் சீட்டிலிருந்து எழுந்து வந்தார். ஒரு வெள்ளைத் தாள் எடுத்தார். பென்சிலால் வரைந்தார். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. கிளை கிளையாக, நுனி தாழ்ந்து, மணி மணியாக. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இருசம்மாள் பார்த்துவிட்டு "அக்காங், இதான்" என்று தலையாட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு வரைகிற மனுஷன். சனிக்கிழமை அத்தனை நேரம் சுவர் முன்னால் நின்றாரே.

இருசம்மாள் போன பிறகு கேட்டேன். "அண்ணே, சுவத்துல இருக்கும்போதே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தெனைன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம்."

"ஏன் எழுதல?"

"ஹெட் ஓகே பண்ணதுக்கு மேல நான் இன்னா எழுதறது."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஃபைலைத் திறந்துவிட்டார்.

என்னய்யா மனுஷன் நீ? தெரியும்! தெரிஞ்சுக்கினே வேடிக்கை பாத்திருக்கார்! நான் குழியில விழறத பாத்துக்கினு டீ குடிச்சிருக்கார்! பதவி கெடைக்கலன்னு வயித்தெரிச்சல். அதான் ‘நல்லது’. அதான் ‘மேடம்’. எல்லாம் அதான். நான்தான் லூசு மாதிரி அண்ணே அண்ணேன்னு—

பஸ்ஸில் வரும்போது காசி சாருக்குப் போன் செய்தேன். தப்பு நடந்ததைச் சொன்னேன். கடைசியில், "வேடியப்பன் அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு சார். சொல்லல" என்றும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நன்றாக இருந்தது. சங்கராபுரம் தாண்டியதும் நன்றாக இல்லை.

12 ஆகஸ்ட், சனி

சார் வந்தார். அண்ணனை உள்ளே கூப்பிட்டுப் பத்து நிமிஷம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். செப்டம்பர் ஒண்ணாம் தேதியிலிருந்து வேடியப்பன் சின்னசேலத்தில், பிரிண்ட் மெஷினில். டிசைன் வேண்டாமாம். "தலைக்கு மேல தலை ஆடக் கூடாது ரீத்தா. நீ நிக்கணும்னா அவன் இங்க இருக்கக் கூடாது" என்றார்.

பதினோரு வருஷம் டிசைன் செய்தவரை மெஷினில் ஃப்ளெக்ஸ் உருட்ட.

சந்தோஷமா, பயமா, எனக்கே தெரியவில்லை. "சரி சார்" என்றுகூடச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆபீசில் எல்லோரும் ஸ்டிக்கர் ஒட்டினோம். மூவாயிரம் பை. இருசம்மாளும் குழுவில் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, வேடியப்பன் அண்ணன் ஒன்பது மணிக்கே வந்து வாசலில் காத்திருந்தார். சாவி என்னிடம் அல்லவா இருக்கிறது.

அவர்தான் அதிகம் ஒட்டினார். ஒன்றுகூடக் கோணல் இல்லை. மாற்றச் செய்தி நேற்றே தெரியும். பிறகு எதற்கு வந்தார்? நல்லவர் என்றால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கெட்டவர் என்றால் இன்றைக்கு வந்திருக்கக் கூடாது. இரண்டும் சேரமாட்டேன் என்கிறது.

மத்தியானம் இருசம்மாள் கொண்டுவந்த சாமைச் சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டோம். ராஜாம்பாள் அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவும் என்மேல் கோபமா?

15 ஆகஸ்ட், செவ்வாய்

ஸ்டாலில் சாமை நன்றாகப் போனதாம். ஸ்டிக்கர்க் கதிரை யாரோ பாராட்டினார்களாம். இருசம்மாள் போனில் சொன்னார். எனக்கு ஒட்டவில்லை.

16 ஆகஸ்ட், புதன்

தேதி ஏதோ பார்க்க இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜூலை ஆறு.

‘இனிமே பார்ட்டி இருக்கும்போது என் தாளில் எழுத வேணாம்.’

நான் சொன்னது. நானே எழுதி வைத்திருக்கிறேன். கீழே ‘தைரியமாகப் பேசினேன்’ என்று வேறு. அன்றிலிருந்துதான் என் தாளில் சிவப்பு இல்லை. நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேனே, அன்றிலிருந்துதான்.

மாமன் சாப்பிடாமல் போனதும் இதிலேயே இருக்கிறது. குடும்பச் சண்டையாம்.

ஆனால் — நான் ‘பார்ட்டி இருக்கும்போது’ என்றுதானே சொன்னேன்? சாமைத் தாள் ஒட்டிய அன்று பார்ட்டி யாரும் இல்லையே? எழுதியிருக்கலாமே? இல்லை, அப்படி இல்லை. ஒருத்தர் கையைத் தட்டிவிட்டு, இந்த நேரம் மட்டும்தான் தட்டினேன், மற்ற நேரம் நீட்டலாம் என்றால் யார் நீட்டுவார்கள். முதல் வருஷம் என்னை யாராவது அப்படித் தட்டியிருந்தால் நான் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன்.

அவர் செய்தது சரியா? சரியில்லை. இருசம்மாளுக்காகவாவது சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது? அதைவிடச் சரியில்லை. சாரிடம் பாதியைச் சொன்னேன். அவர் பாதியை.

17 ஆகஸ்ட், வியாழன்

அண்ணனிடம் பேசப் போனேன். "சொல்லுங்க மேடம்" என்று எழுந்து நின்றார். எழுந்து நிற்கிறவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது. பள்ளிக்கூட ஃபைல் எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன்.

19 ஆகஸ்ட், சனி

நேற்று ஒரு தாள் எழுதினேன். டிசைன் எதுவும் இல்லை, வெறும் எழுத்து. இன்று சார் இருக்கும்போது நாலு மணிக்குச் சுவரில் ஒட்டினேன். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

‘சாமைப் பை. படம் எடுத்தது நான், சரிபார்க்காதது நான். ஜூலை ஆறாம் தேதி வேடியப்பன் அண்ணன் என் தாளில் எழுதியதற்குப் பார்ட்டி முன்னால் தடுத்தேன். அதன் பிறகு என் தாளில் யாரும் எழுதவில்லை. சாரிடம் போனில் இதைச் சொல்லவில்லை, மற்றதை மட்டும் சொன்னேன். சின்னசேலம் போகவேண்டியது அவர் இல்லை.’

ஒட்டிவிட்டு ஓரமாக நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது, சட்டம். சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். யாரும் டீயை எடுக்கவில்லை.

முதலில் பேனாவை எடுத்தது ராஜாம்பாள் அக்கா. அக்கா இதுவரை யார் தாளிலும் எழுதியதே இல்லை, எனக்கு டிசைன் தெரியாது என்பார். கயிற்றை இழுத்து, என் தாளின் ஓரத்தில் எழுதினார்: ‘நானும் பாத்தேன். தினைன்னு தெரியும். ராஜாம்பாள்.’

அக்காவுமா!

செபாஸ்தியான் கீழே எழுதினான்: ‘எனக்கு ரெண்டும் தெரியாது. இனிமே நெட் படம் வேணாம்.’ சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வேடியப்பன் அண்ணன் எழுதவில்லை. சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி, சரி, சின்னசேலம் வேண்டாம், இங்கேயே இரு என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"இல்ல சார், நான் போறேன்" என்றார் அண்ணன். எல்லோரும் அவரைப் பார்த்தோம். "ஆனா மெஷினுக்கு இல்ல. அங்க டிசைன் நான் பாக்கறேன். ரெண்டு பேர எடுத்துக் குடுங்க, நான் பழக்கிக்கிறேன். அங்கயும் ஒரு சுவரு வேணும்."

சார் டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். சரி என்றார்.

நான் கேட்டது கிடைத்ததா, கிடைக்கவில்லையா? அவர் தோற்றுப் போகிறாரா, ஜெயித்துப் போகிறாரா? என்னை விட்டுப் போகிறாரா, தனக்காகப் போகிறாரா? பதினோரு வருஷமாகத் தனக்கென்று கேட்காததை அவர் இன்று கேட்டுவிட்டார் என்று மட்டும் தெரிகிறது. நான் ஹெட் ஆகாவிட்டால் கேட்டிருப்பாரா, அதுவும் தெரியவில்லை.

26 ஆகஸ்ட், சனி

அம்மா வேளாங்கண்ணிக்குக் கூப்பிடுகிறது. லீவு இல்லை என்றேன். லீவு கொடுப்பதே நீதானே என்றது. இருக்கலாம்.

1 செப்டம்பர், வெள்ளி

அண்ணன் சீட் காலி. நேற்று மாலை மவுசையும் ஒரு பழைய கப்பையும் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னேன். "மன்னிச்சிடுங்க அண்ணே."

"நானும் எழுதியிருக்கணும்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கோவத்துலதான் எழுதலயா, மரியாதையில எழுதலயான்னு எனக்கே தெரியல. ரெண்டு வாரமா யோசிச்சுப் பாத்துட்டேன்."

அவருக்கும் தெரியவில்லை! எனக்கு மட்டும்தான் குழப்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வரேன் மேடம்" என்று படியிறங்கினார். இன்னும் மேடம்தான்.

4 செப்டம்பர், திங்கள்

என் தாளில் சிவப்பு இல்லை. செபாஸ்தியான் பேனாவை எடுத்தான், என்னைப் பார்த்தான், மாட்டிவிட்டான்.

6 செப்டம்பர், புதன்

வேண்டுமென்றே தப்பாக ஒரு தாள் ஒட்டினேன். நகைக்கடைப் பெயரைவிடப் போன் நம்பர் பெரிசு. எழுதுகிறார்களா பார்க்கலாம் என்று. யாரும் எழுதவில்லை. பிறகு அக்காவிடம் சொன்னால், "அது நீ வெச்ச சோதனைன்னு தெரிஞ்சுபோச்சு. சோதனைக்கு எவன் எழுதுவான்" என்றார். சிறுபிள்ளைத்தனம். தாளைக் கிழித்துப் போட்டேன்.

15 செப்டம்பர், வெள்ளி

தாளை ஒட்டிவிட்டுச் சும்மா நிற்காமல், டீ வந்ததும் முதல் ஆளாகப் போய் பேனாவை எடுத்து என் தாளில் நானே இரண்டு வட்டம் போட்டேன். எனக்குச் சந்தேகமான இடங்கள். ‘இந்த நீலம் சரியா?’ ‘இந்தக் குழந்தை முகம் இருட்டா?’ எழுதிவிட்டுப் பேனாவைச் செபாஸ்தியான் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டான். நான் பார்க்காத இடம்.

வீட்டுக்கு வந்து மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். அம்மா என்ன விசேஷம் என்றது. என்னவென்று சொல்வது, ஒரு வட்டம் என்றா?

20 செப்டம்பர், புதன்

என் தாளைப் போட்டோ எடுத்து வேடியப்பன் அண்ணனுக்கு அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை. பார்த்துவிட்டார், இரண்டு நீல டிக். பதில் இல்லை.

21 செப்டம்பர், வியாழன்

இன்றும் அனுப்பினேன். டிக் மட்டும்.

9 அக்டோபர், திங்கள்

மறுபடி மலை. குழு இரண்டாம் தடவை பை அடிக்கிறது, இந்த முறை ஸ்டிக்கர் இல்லாமல். வேறு ஏஜென்சிக்குப் போய்விடுவார்கள் என்று பயந்திருந்தேன். இருசம்மாளிடம் கேட்டே விட்டேன், ஏன் எங்களிடமே வந்தீர்கள் என்று. "தப்பு பண்ணவங்கதான் அடுத்த வாட்டி பாத்துப் பண்ணுவாங்க" என்றார். சரியா தவறா, எனக்குத் தெரியாது, வேலை வந்துவிட்டது.

கொல்லை முழுக்கச் சாமைக் கதிர். உதிரி உதிரியாகத் தொங்கி ஆடுகிறது. செபாஸ்தியான் தரையில் படுத்துப் படம் எடுத்தான். இருசம்மாள் இன்னொரு கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரு தினைக் கதிரையும் ஒடித்துக் கையில் கொடுத்து, "ரெண்டையும் மேசைல வெச்சுக்கோ" என்றார். குழுப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த முறை வாந்தி இல்லை.

12 அக்டோபர், வியாழன்

புதுப் பை தாளைச் சுவரில் ஒட்டினேன். செபாஸ்தியான் ஒரு வட்டம், அக்கா ஒரு வட்டம். போட்டோ எடுத்துச் சின்னசேலத்துக்கும் அனுப்பினேன், வழக்கமாக.

நாலு இருபதுக்குப் போன் கூவியது. என் தாளே திரும்பி வந்திருந்தது, போனிலேயே விரலால் போட்ட சிவப்பு வட்டம். கீழே: ‘கதிர் சரி. எழுத்து கதிர் மேல ஏறுது ரீத்தா.’

ரீத்தா.

எழுத்தைக் கீழே இறக்கினேன். அவர் சொன்னது சரி.

18 அக்டோபர், புதன்

நாலு மணிக்கு அண்ணனிடமிருந்து முதல் தடவையாக அவர் தாள் வந்தது. காதணி விழா பேனர். சின்னசேலத்துச் சுவர் தெரிகிறது, பச்சைப் பெயின்ட், இரண்டு புதுப் பிள்ளைகளின் தாள்கள் பக்கத்தில். கீழே ‘டீ வந்துருச்சு’ என்று மட்டும்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாய்மாமன் படம் சின்னது. அப்பா படத்தில் பாதிதான் இருக்கும்.

இவருக்கா இது தெரியாது? பார்ட்டி அப்படிக் கேட்டிருப்பாரோ? புதுப் பிள்ளைகள் முன்னால் நான் சொன்னால் அவர் முகம் சூடாகாதா? ஜூலை ஆறாம் தேதிக்குப் பழி வாங்குகிறேன் என்று நினைத்தால்? சொல்லாமல் விட்டால்? அந்த மாமன் சாப்பிடாமல் போனால்? ஐந்து நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் ஆகஸ்டில் சுவர் முன்னால் இப்படித்தான் நின்றாரோ.

வட்டம் போட்டேன். ‘மாமன் சின்னது அண்ணே’ என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. ‘தெரியும். நீ சொல்றியானு பாத்தேன்.’

கோபமாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது. ‘சொல்லிட்டேன்’ என்று போட்டேன். மேலே ஏதாவது கேட்கலாம் என்று நினைத்து, என்ன கேட்பது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். செபாஸ்தியான் என் தாளுக்கு முன்னால் பேனாவோடு நிற்கிறான். டீ இன்னும் முடியவில்லை, நான் பேசக் கூடாது.